ஞாயிற்றுக்கிழமைப் பிரசவம்

உடப்புசல்லாவையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜண்டு, மற்றவர் தோட்டத்து மருத்துவச்சி. அந்த அம்மா பையை மடியில் வைப்பதும் காலடியில் வைப்பதுமாக இருந்தார்.

“ஞாயித்துக்கெழமை பொறக்குற புள்ளைங்களுக்குத்தாங்க எனக்கு இன்சூரன்ஸ் வேணும்.”

“மத்த நாளைக்கி வேணாமா?”

“மத்த நாளு தோட்டத்து வேலைங்க. ஏதும் ஆச்சுன்னா தொரை பதில் சொல்லுவாரு. ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு. கடைவீதியில கூப்புடுறாங்க, போறேன். அங்க நான்தான் பதில் சொல்லணும். போன வாரம் பொறந்த புள்ள ஒரு கையத் தூக்க மாட்டேங்குது. கோர்ட்டுக்குப் போவோம்னு சொல்றாங்க.”

“நடந்து போனதுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேத்துக்காதும்மா. இனிமே வர்றதுக்கு வேணா கேட்டுப் பாக்கலாம். ஆனா முழுநேரமும் இதே தொழிலா இருக்கிறவங்களுக்குத்தான் குடுப்பாங்க. ஒங்கள மாதிரி ஒரு நாள் பாக்குறவங்களுக்குக் குடுத்து நான் பாத்ததில்ல.”

“கேட்டுப் பாருங்க.”

“கேக்குறேன். பதில் வர்ற வரைக்கும் வெளிய யாரையும் தொடாதீங்க. அதான் ஒங்களுக்கு நல்லது.”

அந்த அம்மா ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்தார். எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார்.

“அந்தக் கை சரியாயிருமான்னு பெரியாஸ்பத்திரி டாக்டரக் கேக்கத்தான் போறேன்,” என்றார்.

நுவரெலியாவில் இறங்கும்போது ஏஜண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அம்மா, நாங்களும் கடைவீதியிலதான் குடியிருக்கோம். என் சம்சாரத்துக்கு இதுதான் மாசம். ஞாயித்துக்கெழமை வலி எடுத்தா வருவீங்களா?”

“ஆள் அனுப்புங்க,” என்று சொல்லிவிட்டு, அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் வேகமாக நடந்தார்.