மட்டம் பார்த்த கட்டில்

— சாக்பீஸ் கோட்டை மிதிக்காத! அது சமையலறைச் சுவர்.

— இப்பத்தானே படுக்கையறையைத் தாண்டினேன், அதுக்குள்ள சமையலறையா? ஏங்க, பன்னெண்டு வருஷம் இந்தப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டியிருக்கேன். இதுக்குள்ள இத்தனை அறை இருக்கறது எனக்கே தெரியாமப் போச்சே!

— நீ முன்னாடி பார்த்து ஓட்டின ஆளு, டிரைவரம்மா. பின்னாடி இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?

— பின்னாடி நாப்பது வாண்டுங்க இருந்துச்சு. ஒரு கண்ணு ரோட்டுல, ஒரு கண்ணு கண்ணாடியில. எது எந்தச் சீட்டுல சூயிங்கம் ஒட்டுச்சுன்னு இப்பக் கேட்டாலும் சொல்வேன்.

— அதைச் சுரண்டினவன் நான். சீட்டைக் கழட்ட ஒரு நாள், சூயிங்கம் சுரண்ட ரெண்டு நாள். சரி, இங்க பாரு. அலமாரி. ஆறு கதவு. ஒரு நூல் பிசகல.

— அட, பூ மாதிரி திறக்குதே!

— விரல் பட்டாப் போதும்.

— விரலே வேணாம். நான் பிரேக்கை மிதிச்சாப் போதும்.

— என்னது?

— ஆறு கதவுல ஒண்ணுக்காவது கொக்கி வெச்சீங்களா? முதல் வளைவுலயே தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் வரிசையா வந்து எனக்கு வணக்கம் சொல்லும்.

— கொக்கிதானே? அரை நாள் வேலை. அதை விடு, கட்டிலைப் பாரு. ரெண்டு பேர் கை காலை நீட்டிப் படுக்கலாம்.

— நல்ல அகலம்தான். ஆனா ஏங்க, சன்னல் பக்கத்துக் கால் மட்டும் ஏன் உசரமா இருக்கு?

— அங்கதான் இருக்கு என் வேலை! ரசமட்டத்தை வெச்சேன், குமிழி ஒரு ஓரமா ஓடுது. நம்ம முற்றம் சரிவு இல்லையா, பஸ் ஒருக்களிச்சு நிக்குது. அந்தப் பக்கக் காலை நாலு விரக்கடை உசத்தினேன். இப்பக் குமிழி நட்ட நடுவுல நிக்குது.

— நம்ம முற்றத்துல நட்ட நடுவுல நிக்குது.

— ஆமா.

— பஸ் சமமான ரோட்டுக்குப் போச்சுன்னா?

— இரு, ரசமட்டத்தைச் சாய்ச்சுப் பார்க்கறேன்.

— சொல்லுங்க பார்ப்போம்.

— ரெண்டு பேரும் உருண்டு கீழ கிடப்போம்.

— சிரிக்காதீங்க! எனக்குச் சிரிப்பு வரல. இப்படி வாசலுக்கு வாங்க. இது என்ன?

— படி. ஏறி இறங்க உன் முட்டி வலிக்குமேன்னு...

— சிமெண்டுப் படி! தரையோட தரையாப் பூசி வெச்சிருக்கீங்க.

— உறுதியா இருக்க வேணாமா?

— இருக்கும். பஸ் போனாலும் படி இங்கயே இருக்கும். இல்ல, நான்தான் தப்பாச் சொல்றேன். பஸ் எங்கயும் போகாது. முற்றத்துலயே ஒரு வீட்டைக் கட்டி என்னை உட்கார வெச்சுடலாம்னு பார்க்கறீங்க. அதானே உங்க திட்டம்?

— ஏம்மா, திட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல...

— இதுக்கு முன்னாடி ஓட்டின பஸ்ஸையும் சேர்த்தா இருபத்தெட்டு வருஷங்க. காலையில ஏழு மணிக்குக் கிளம்பி நாலரைக்குத் திரும்பி வந்தேன். அதே ரோடு, அதே பதினேழு நிறுத்தம். நானும் ஓய்வு, பஸ்ஸும் ஓய்வுன்னு சொன்னதும் ஏன் இதை வாங்கி வந்தேன்? ஒரு தடவையாவது நாலரை மணிக்குத் திரும்ப வேண்டாத ரோட்டுல போகணும். உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் போகணும்.

— என் உடம்பு உனக்குத் தெரியாதா?

— நல்லாத் தெரியும். கல்யாணம் முடிஞ்சு கார்ல வரும்போதே தெரிஞ்சு போச்சு. என் மடியிலயே எடுத்தீங்களே வாந்தி!

— அந்தக் கதையை இன்னும் விட மாட்டியா?

— எப்படி விடறது? அன்னிலேருந்து நீங்க நடக்கற தூரத்துக்குள்ளதானே நாம குடித்தனம் பண்றோம்! ஊரான் வீட்டுப் பிள்ளைங்க அத்தனையும் என் பஸ்ல ஏறிச்சு. என் புருஷன் ஒரு நாள் ஏறினதில்ல. எத்தனை வாட்டி கெஞ்சியிருப்பேன்?

— கெஞ்சினதான்.

— இனிமே கெஞ்ச மாட்டேன். கட்டிலைப் பாதியா அறுத்து ஒத்தைக் கட்டிலாக்குங்க. நான் தனியாப் போறேன்.

— அறுக்க மாட்டேன்.

— அப்ப நான் அறுக்கறேன். ரம்பம் எங்க? இதோ இருக்கு.

— கொடு அதை. கையை அறுத்துக்கப் போற. கொடுன்னா! முதல்ல இப்படி உட்காரு. முப்பத்தஞ்சு வருஷமா நான் வேலை செஞ்சதெல்லாம் இருந்த இடத்துல இருக்கற வீட்டுக்கு. மட்டம் பாரு, இறுக்கி அடி, அசையாமப் பண்ணு. இந்தக் கைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இந்த வீடு கிளம்பிப் போகும்னு புத்திக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குது. கட்டில் காலும் படியும் கை பார்த்த வேலை. நான் நினைச்சுப் பண்ணினது இல்ல.

— நம்பணுமா?

— நாளைக்கே படியை இடிச்சுட்டு, மடக்கி உள்ள போடற மாதிரி மரத்துல செய்யறேன்.

— படி வரும், சரி. நீங்க வருவீங்களா? அதைச் சொல்லுங்க பார்ப்போம்.

— ஒரு மாசமா தினம் காலையில பலகை வாங்கப் போறேனே, ஒரு நாளாவது பலகையோட வந்தேனா?

— இல்லையே... அப்ப எங்க போனீங்க?

— டவுன் பஸ் ஏறினேன். முதல் நாள் ரெண்டாவது நிறுத்தத்துலயே இறக்கி விட்டுட்டாங்க. கையில வாந்திப் பையோட, பிள்ளைத்தாச்சி மாதிரி ரோட்டோரமா உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மூணு நிறுத்தம். ஒரு வாரம் கழிச்சு ஆறு. நடுவுல ஒரு நாள் மறுபடி ரெண்டு.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— தோத்துட்டா நீ தாங்க மாட்டேன்னுதான் சொல்லல.

— தோத்துட்டீங்களா?

— நேத்து கடைசி நிறுத்தத்துல டிரைவர் வந்து தட்டி எழுப்பினார். நல்லாத் தூங்கிப் போயிட்டேன்.