நாற்பத்து மூன்றாவது கோப்பு

உங்கள் கணினி மேல் வைத்திருக்கும் பச்சைப் பொட்டலம் காலாவதியாகி இருபது நாள் ஆகிறது, ஐயா. மாற்றிவிடுங்கள். தேங்காய் வாசனையடிக்கும் சோளப்பொரிதான், குழந்தைகள் தின்பது. ஆனாலும் பச்சை உறையில், தேதி தாண்டாமல் மேலே இருந்தால் இயந்திரம் சொன்னபடி கேட்கும் என்று தைவானில் நம்பாதவர் யார்? சின்ச்சுவில் ஒரு சிப் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவன் நான். ஒவ்வொன்றின் மேலும் ஒன்று வைத்திருந்தேன். படித்த படிப்பு ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

என் மருமகள் பெய்ஜென் என் மகனைப் பற்றி எப்போதாவது புகார் சொன்னாளா என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். இல்லை என்றேன். அது உண்மைதான், ஆனால் அரைகுறைப் பதில். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. அதனால்தான் இன்று நானாகவே வந்தேன்.

பழைய ஓ.எஸ்.ஸுக்கு இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராது என்று அறிவித்த அக்டோபரில் தெருவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெய்ஜெனும் தன்னுடையதைக் கொண்டுவந்தாள். எட்டு வருடப் பழையது, தொட்ட இடத்தில் நின்றுவிடும். மேம்படுத்துவதைவிடத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது என்றேன்.

"சி-ய மட்டும் துடைங்கப்பா. டி-யில இருக்கறதத் தொட்டுடாதீங்க," என்றாள். அவளும் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஹார்ட் டிஸ்க் வட்டை இரண்டாகப் பிரித்து, ஓ.எஸ்.ஸை சி-யிலும் சொந்தக் கோப்புகளை டி-யிலும் வைப்பது எல்லாரும் செய்வது. சி-யை அழித்தாலும் டி பத்திரமாக இருக்கும்.

"நகல் எடுத்து வெச்சிருக்கியா?"

"எங்கப்பா நேரம்? நீங்க பாத்துக்க மாட்டீங்களா? திங்கக்கெழம காலைல எனக்கு வேணும்."

புதுப் பொட்டலம் ஒன்றை லேப்டாப் மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு சிரித்துக்கொண்டே, "முடிஞ்சா உங்க பையனையும் துடைச்சிட்டுப் புதுசாப் போட்டுக் குடுங்க," என்றாள்.

"அது பழைய மாடல்மா. எதையும் ஏத்துக்காது."

இருவரும் சிரித்தோம். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். எங்கள் வீட்டில் என்னோடு உட்கார்ந்து சிரித்துப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

எதையும் அழிக்கும் முன் நகல் எடுப்பது என் பழக்கம். டி-யில் 'சமையல் குறிப்பு' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பெய்ஜென் சமைக்கிறவள் அல்ல. காலையில் முட்டை அப்பமும் சோயாப் பாலும் முக்குக்கடையிலிருந்து வரும், இரவுக்கு டப்பாச் சாப்பாடு. அதனால்தான் திறந்து பார்த்தேன். நாற்பத்து மூன்று கோப்புகள். கை, கழுத்து, காதின் பின்புறம். ஒவ்வொரு படத்திலும் காயத்தின் பக்கத்தில் அன்றைய செய்தித்தாள். மூன்று மருத்துவச் சான்றிதழ்கள். கணவனிடமிருந்து பாதுகாப்பு ஆணை கேட்டுக் குடும்ப நீதிமன்றத்துக்கு எழுதிய மனு, திங்கட்கிழமைத் தேதியிட்டு. தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். எங்கள் தொழிற்சாலையில் இத்தனை ஒழுங்காகப் பதிவு வைத்தவர்கள் குறைவு.

நிதானமாக யோசித்தேன். மகன் சுங்ஹான் அடுத்த மாதம் தன் கம்பெனியில் பிரிவுத் தலைவர் ஆக வேண்டியவன். ஆணை வந்தால் அது போய்விடும். அது போனால் அவன் கோபம் இன்னும் கூடும், அது அவளுக்குத்தான் கெடுதல். நானே அவனிடம் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம். இதில் தவறு எங்கே என்று நீங்களே சொல்லுங்கள்.

கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். பிறகு சி, டி இரண்டையும் அழித்தேன். முக்கியமான கோப்புகள் இருக்கலாம் என்று திரை எச்சரித்தது. சரி என்பதை அழுத்தினேன். மீட்டெடுக்கும் கடைக்காரர்களும் கைவைக்க முடியாதபடி வட்டு முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பினேன். அதற்குத்தான் மாலைவரை ஆயிற்று. புது ஓ.எஸ். ஏறியதும் லேப்டாப் நன்றாகவே ஓடியது. கடைசியாக, அவள் வைத்த பொட்டலத்தை எடுத்துவிட்டு, என் அலமாரியில் கிடந்த போன வருடப் பொட்டலத்தை அதே இடத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளைக் கூப்பிட்டு, நடுவில் வட்டு கோளாறாகி டி-யும் போய்விட்டது என்றேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"தேதி பாக்காம வெச்சுட்டேன்பா. என் தப்புதான்."

"விடும்மா. யாருக்கும் நடக்கறதுதான்."

"உங்களுக்கு வேற ரெண்டு நாள் வேலை வெச்சுட்டேன். மன்னிச்சுக்கங்கப்பா."

அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வேறு காரணம் தேடி யார் மேலும் அவள் சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை. அதை ஒரு இரக்கம் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை அவள் எங்கும் போகவில்லை. "கையில ஒண்ணுமில்லாமப் போய் நின்னா எவன்டி நம்புவான்?" என்று தோழியிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. இயந்திர இரைச்சலில் எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வீட்டில் நினைக்கிறார்கள். நான் மறுத்ததில்லை. எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்கும்.

சுங்ஹான் பிரிவுத் தலைவர் ஆனான். நான் அவனிடம் பேசவில்லை, அதற்கு நல்ல சமயம் வாய்க்கவில்லை. பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்த வாரம், பெய்ஜென் மாடிப்படியில் விழுந்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். செருப்பு ஈரமாக இருந்து வழுக்கியது என்று அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். செருப்பு ஈரமாக இல்லை. அதை எடுத்து ஓரமாக வைத்தவன் நான்தான்.

இந்தாருங்கள், இது அவள் வைத்த பொட்டலம். பின்பக்கம் ஒட்டியிருந்த இடத்தைப் பிரித்துப் பென் டிரைவை உள்ளே வைத்து, இஸ்திரிப் பெட்டியால் மறுபடி ஒட்டியிருக்கிறேன். இன்னும் தேதி இருக்கிறது, உங்கள் கணினிக்கே வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே நாற்பத்திரண்டு கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. நாற்பத்து மூன்றாவதை மட்டும் நான் நகலெடுக்கவில்லை. அது ஒலிப்பதிவு. சுங்ஹான் கத்துகிறான், ஏதோ விழுகிறது, அவள் "அப்பா" என்று இரண்டு முறை கூப்பிடுகிறாள். உடனே கூடத்தில் டிவியின் சத்தம் கூடுகிறது. எங்கள் வீட்டில் ரிமோட் எப்போதும் என் கையில்தான் இருக்கும். அதற்கப்புறம் வானிலைச் செய்தி மட்டும்தான் தெளிவாகக் கேட்கிறது. வழக்குக்கு உதவாது என்று விட்டுவிட்டேன்.