இருட்கொம்பனுக்கு முகம் கிடைத்த விதம்

வரைகிற கை எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் தேநீர்க் கோப்பையை வைக்க வேண்டும். படக்கதை வரைகிறவர்களுக்கு இது பாலபாடம். தலை நரைக்கும் வரை இந்தத் தொழிலில் இருந்தும் அன்றைக்கு நான் கைப்பக்கமே வைத்தேன். ரப்பரை எடுக்கப் போன முழங்கை கோப்பையைத் தட்டிவிட்டது. மாலைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டிய அட்டைப்படம். தேநீர் கதாநாயகன் நீலக்கவசனின் மேலங்கியை விட்டுவிட்டு, வானத்தையும் விட்டுவிட்டு, நேராக அசுரன் இருட்கொம்பனின் முகத்தில் போய்த் தேங்கியது. ரசனையுள்ள தேநீர். அந்த முகத்துக்கு அது தேவைதான்.

இருட்கொம்பன் கதைகளை எங்கள் பத்திரிகை ஆசிரியர் இப்போது ஒரே தொகுப்பாகக் கொண்டுவருகிறார். “இவன் எப்படிப் பொறந்தான்னு முன்னாடி கொஞ்சம் எழுதிக் குடுங்க. வழக்கம்போலச் சிரிக்கிற மாதிரி” என்றார். எழுதுகிறேன். அவர் முன்னுரைகளைப் படிப்பதில்லை. பக்கம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து அச்சுக்கு அனுப்பிவிடுவார். அந்தத் தைரியம்தான்.

அதுவரை இருட்கொம்பன் மற்ற அசுரர்களைப் போலத்தான் இருந்தான். இரண்டு கொம்பு, நெருப்புக் கண், வாய் கொள்ளாத பல். மாதாமாதம் பாதாளத்திலிருந்து கிளம்பி வந்து நகரத்தை விழுங்கப் பார்ப்பான். நீலக்கவசனிடம் உதை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவான். “இவனப் பார்த்தா பயமே வரலீங்க. பசியில இருக்கிற ஆடு மாதிரி இருக்கான்” என்பார் ஆசிரியர்.

நனைந்த முகத்தின் மேல் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டிவிட்டு மறுபடி வரைய உட்கார்ந்தேன். எதிர் மேசையில் என் மனைவியின் தம்பி குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். நான் பென்சிலில் வரைந்ததன் மேல் மை போடுவது அவன் வேலை. பென்சில் கோட்டை வாசகர் யாரும் பார்ப்பதில்லை. அச்சில் வருவதெல்லாம் மை போடுகிறவனின் கோடு. நீண்ட தாடை, நடுவில் ஒன்றுசேர்ந்த புருவம், வேலை மும்முரத்தில் கடைவாயோரம் எட்டிப் பார்க்கும் நாக்கு நுனி. என் கை அதை வரைந்தது. மேலே கொம்பை மட்டும் வைத்தேன்.

அவசரம், வேறொன்றுமில்லை. எதிரில் இருந்தது அந்த முகம்தான். ஜன்னல் இருந்திருந்தால் ஜன்னலை வரைந்திருப்பேன்.

தாளை அவனிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். தூரிகையை மையில் தோய்த்தான்.

ஆசிரியர் அட்டையைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “இதாங்க முகம். நம்ம வீட்டு ஆளு மாதிரி இருக்கான் பாருங்க, அதான் பயம் வருது.”

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய மாமா எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். நான் வீட்டுக்குள் நுழைந்தால், “அப்பா வந்தாச்சு” என்று வானிலை அறிக்கைபோல அறிவித்துவிட்டு விளையாட்டைத் தொடர்வாள். அவன் வந்தால் செருப்புச் சத்தத்துக்கே எழுந்து ஓடுவாள். வீணான தாள்களில் அவன் அவளுக்குப் பறவைகள் மடித்துக் கொடுப்பான். வாலை இழுத்தால் சிறகடிக்கும். அவள் தலைமாட்டில் ஒரு வரிசையே இருந்தது.

“உங்க மூஞ்சியப் பார்த்தும் ஓடி வரணும்னா நீங்களும் ஒண்ணு மடிச்சுக் குடுங்களேன்” என்றாள் மனைவி. மடித்தேன். மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நல்லா இருக்குப்பா, தவளை” என்றாள். நல்ல மனசு அவளுக்கு. தாய்வழி வந்தது.

நான் சிரித்தேன். எப்போதும் சிரிப்பேன். அதனால்தான் என்னை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அடுத்தடுத்த இதழ்களில் இருட்கொம்பன் நெருப்புக் கக்குவதை நிறுத்தினான். காகிதத்தில் பறவைகள் மடிக்கத் தொடங்கினான். அவை ஜன்னல் வழியே வந்து குழந்தைகளின் தலைமாட்டில் உட்காரும். தொட்ட குழந்தை எழுந்து அவன் பின்னாலேயே பாதாளத்துக்கு நடந்து போய்விடும். கதையும் நான்தான் எழுதுகிறேன் என்பதால் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வோர் இதழையும் மகளுக்கு நானே படித்துக் காட்டினேன். தகப்பன் குழந்தைக்குக் கதை படிப்பதில் தவறில்லை. கதை என்றால் குரல் மாற்றிப் படித்தால்தான் சுவை. நீலக்கவசனுக்கு ஒரு குரல் வைத்தேன். இருட்கொம்பனுக்கு அவள் மாமாவின் குரலை வைத்தேன். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் மூக்கால், “வாடா கண்ணு” என்று. எனக்கு நன்றாகவே வந்தது.

கொஞ்ச நாளில் தலைமாட்டுப் பறவைகள் குப்பைத் தொட்டியில் கிடந்தன. அவன் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டால் மகள் என் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எனக்குப் பிடித்திருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

“பாப்பா ஏன் அத்தான் எங்கிட்ட வர மாட்டேங்குறா?” என்று அவன் கேட்டான்.

“வளர்றா மச்சான். இனி நம்மளயெல்லாம் மதிப்பாளா?” என்றேன்.

ஒருநாள் என் மனைவிக்கு அலுவலகத்தில் நேரமாகிவிட்டது. பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிவரத் தம்பியை அனுப்பினாள். அவன் ஒரு பறவையை மடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், சமாதானம் செய்ய. வாசலில் அவனையும் பறவையையும் பார்த்ததும் மகள் காவலாளியின் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டு, “என்னைக் கூட்டிட்டுப் போக வந்துட்டான்” என்று அலறியிருக்கிறாள். காவலாளி புதியவர். பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம் வேறு. கூட்டம் சேர்ந்துவிட்டது.

எனக்குப் போன் வந்தது. “சார், ஸ்கூல் வாட்ச்மேன் பேசறேன். ஒரு ஆளு பாப்பாவக் கூப்பிட வந்திருக்காரு. நீளத் தாடை, புருவம் ஒண்ணா சேர்ந்திருக்கு. உங்க மச்சான்னு சொல்றாரு. பாப்பா ரொம்பப் பயப்படுது. உங்க ஆளுதானா சார்?”

அந்த அடையாளங்கள் எனக்கு மனப்பாடம். மாதாமாதம் வரைகிறேன்.

“வந்து பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

பொறுப்புள்ள தகப்பன் சொல்லக்கூடிய பதில்தான். முகம் பார்க்காமல் போனில் எப்படி உறுதி சொல்வது? மேசையில் கொம்பின் நிழல் பாதியில் நின்றிருந்தது. அதை முடித்துவிட்டுக் கிளம்பினேன். பேருந்து வந்தது, ஏறவில்லை. நடப்பது உடம்புக்கு நல்லது.

போனபோது அவன் பள்ளிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்திருந்தது. வலது கையின் விரல்கள், விரல்கள் மடங்காத பக்கமாக மடங்கியிருந்தன. மகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பயத்தில் ஆள் மாற்றிப் பிடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஐயையோ, இது என் மச்சான்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கூட்டம் கரைந்தது.

எலும்பு சேர்ந்துவிடும், ஆனால் மெல்லிய கோடு இழுக்கிற வேலைக்கு அந்த விரல்கள் இனி ஒத்துழைக்காது என்றார் மருத்துவர். ஆசிரியர் அனுதாபப்பட்டார். என்மேல் ஏதும் தப்பு உண்டா என்று கேட்டேன். “என்னங்க பேசறீங்க, நீங்க என்ன செய்வீங்க?” என்றார். மனைவியிடமும் கேட்டேன். “நல்லவேளை நீங்க போய்ச் சேர்ந்தீங்க. இல்லாட்டி அவன் உசுரே போயிருக்கும்” என்று அழுதபடி எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அதையும் குடித்தேன். மகள் அதற்குப் பிறகு என்னிடம் கதை கேட்பதில்லை. புத்தகத்தோடு போய் உட்கார்ந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அதிர்ச்சி, நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மைத்துனன் ஊரை விட்டுப் போகிறான். வேறு ஊரில் நண்பன் ஒருவனின் கடையில் உட்காரப் போகிறான். நேற்று மாடிக்குப் போனேன். இடது கையால் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். பெட்டியில் துணிகளுக்கு மேல் ஒரு காகிதப் பறவை இருந்தது. சிறகு கோணலாக, அவசரமாக மடித்தது. அவன் மடிப்பு அல்ல. குழந்தை மடிப்பு.

எல்லாவற்றையும் சொன்னேன். முகம், பறவை, குரல். சொல்லும்போது இடையில் ஒரு வேடிக்கைகூட நுழைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

“மொகம் மொதல் அட்டையிலயே தெரிஞ்சுது அத்தான். என் புருவத்து மேல நான்தானே மை போட்டேன்.”

“அப்பவே கேட்டிருக்கலாமே மச்சான்?”

“வெளையாட்டுக்குப் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். பாப்பாகிட்டக் காட்டிச் சிரிக்கலாம்னு இருந்தேன்.”

“பறவை வந்தப்போ?”

“அன்னிக்குக் கை வரல. அக்கா வீடாச்சேன்னு போட்டேன்.”

நான் அவனிடம் கேட்க வந்தது வேறு. பலரிடம் கேட்டு நல்ல பதிலே வாங்கிப் பழகிவிட்ட கேள்வி. அவனும் அதையே சொல்லிவிட்டால் தூங்கிவிடுவேன் என்று தோன்றியது. “அந்த அடி... கண் மூடித் திறக்கிறதுக்குள்ள நடந்திருக்கும், இல்ல? நான் போன்லயே சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. அப்படித்தானே?”

அவன் பெட்டியை மூடினான். என்னைப் பார்த்துச் சொன்னான்.

“இல்ல அத்தான். சத்தத்துல கேக்கலன்னு வாட்ச்மேன் ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. நீங்க சொன்னது எல்லாருக்கும் கேட்டுது. அதுவரைக்கும் சட்டையத்தான் புடிச்சிருந்தாங்க, யாரும் அடிக்கல. பாப்பா ஓடி வந்து, ‘இது எங்க மாமாதான், நான்தான் பயந்துட்டேன், விட்டுருங்க’ன்னு அழுதா. ‘அப்பனே வந்து பார்த்துத்தான் சொல்வேங்குறான், கொழந்த பயத்துல ஒளறுது’ன்னு அவளத் தள்ளி நிறுத்திட்டு, அதுக்கப்புறம்தான் அடிச்சாங்க.”