கையில் இருந்த கண்ணாடி

தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியை அம்மையார் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூத்த கலைஞர்களே, வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, இடமின்றிக் கதவோரம் நிற்கும் தோழர்களே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

“சத்தமாப் பேசும்மா!” என்கிறார் பின்வரிசை ஐயா. பேசுகிறேன் ஐயா. ஒலிபெருக்கியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொள்கிறேன்.

மறைந்த இயக்குநரின் ஒன்பது படங்களைப் பற்றியும் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது ஒரே ஒரு நாளைப் பற்றி. நான் அவருடைய ஒளிப்பதிவாளரின் மகள். அப்பா மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவரால் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் என்னை ஏற்றிவிட்டார்.

படச்சுருளுக்குப் பஞ்சமான காலம் அது. நடிப்பவர்களின் பயம் தெளிய, முதலில் வெறும் கேமராவை ஓட்டுவார் இயக்குநர். விளக்கு எரியும், கேமரா உறுமும், உள்ளே சுருள் இருக்காது! நடிகர்கள் அறியாத அந்த ரகசியத்துக்கு ஒரு குறி உண்டு. அவர் கண்ணாடி மூக்கில் இருந்தால் அசல். கையில் இருந்தால் வெறும் ஓட்டம். நான்கு படங்களில் ஒருமுறைகூடப் பிசகவில்லை.

ஐந்தாவது படத்தில் தாயாக நடித்தவர், இன்று நமக்குத் தலைமை தாங்கும் அம்மையாரின் தாயார். மகன் இறந்த செய்தி வந்தபின் அவன் சட்டையை மடிக்கும் காட்சி. இயக்குநருக்கு மட்டும் ஓரமாக ஒருமுறை நடித்துக் காட்டினார். இயக்குநர் அழுதுவிட்டார். கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார். “அக்கா, இப்படியே பண்ணுங்க. ஓடட்டும்!” என்றார்.

கண்ணாடி கையிலேயே இருந்தது.

காட்சி முடிந்தபோது விளக்குப் பிடித்தவர்கள்கூட விசும்பினார்கள். அப்பா மட்டும் வெளிறிப்போய் இயக்குநரின் காதருகே போனார். “அண்ணே, சுருள் போடலண்ணே. கண்ணாடி கையில இருந்துச்சே.”

மறுநாள் ஏழு முறை எடுத்தார்கள். முதல் நாள் வந்தது வரவில்லை. “தம்பி, நேத்து எடுத்ததையே வெச்சுக்கயேன்” என்றார் அந்த நடிகை அம்மா. பக்கத்தில் படநிலைய முதலாளி நின்றார். தப்புச் செய்தவனை அன்றைக்கே வெளியே அனுப்புகிறவர். எங்கள் வீட்டில் அப்போது நான்கு பிள்ளைகள். நான் கைக்குழந்தை. இயக்குநர் அப்பாவைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“நேத்தும் சரியா வரலக்கா.”

“அப்படியா? வயசாயிடுச்சு தம்பி. எனக்கே தெரியாமப் போச்சு பாரு” என்று சிரித்தபடி முகப்பூச்சைக் கழுவிக்கொண்டு போனவர், மறுபடி எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

எங்கள் சோற்றுக்கு அவர் கலையா விலை? நான் பட்டம் வாங்கப் படித்த படிப்புக்கு அவர் மனமா விலை? “அப்புறமாவது போய்ச் சொல்லியிருக்கலாமே!” என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம், முன்வரிசை அம்மா. இயக்குநர் இரண்டு முறை அந்த நடிகை அம்மாவின் தெருவரை போய்த் திரும்பினார். மூன்றாம் முறை போனபோது வீட்டுக்குள் அழுகுரல் கேட்டது; அந்த அம்மா கண்மூடியிருந்தார். ஐந்தாவது படத்துக்குப் பின் இயக்குநர் எடுத்த நான்கு படங்களிலும் தாய் என்றொரு பாத்திரமே இல்லை. தாய்ப்பாசம் தெரியாதவர் என்று பத்திரிகைகள் எழுதின. மறுத்து ஒரு வரி எழுதவில்லை அவர்.

அம்மையாரே, உங்கள் தாயார் சரியாகத்தான் நடித்தார். அவர் கதறவில்லை. சட்டையில் ஒரு பித்தான் அறுந்திருந்தது. தைப்பதற்கு ஊசி தேடினார். எடுத்தார். நூலைக் கோத்தார். இனி யார் உடுத்தப்போகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்ததுபோல், கை அப்படியே நின்றது. கேமராவின் கண் வழியே அதைக் கண்டவர் அப்பா ஒருவர்தான். நேற்று எனக்கு நடித்துக் காட்டினார். முடிக்க முடியவில்லை.

மன்னிப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. உண்மையை இனியும் மறைக்க எங்களுக்கு உரிமையில்லை. இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட இந்த அவைக்கு நன்றி. அப்பா எழுந்து நிற்கிறார், அம்மையாரே. அவருடைய வணக்கத்தோடு என் வணக்கம்.