ஓட்டைப் பக்கம் உள்ளே

"கம்பெனி ஃபில்டர்தான் போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையாடா?" என்று கீழே ஷெட்டில் என் தம்பி, மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தபோது, நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நல்ல காற்று. போர்வைகூட மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.

உண்மையில் தம்பி அப்படிச் சொல்லவே இல்லை. கம்பெனி ஃபில்டர் வர நாளாகும் என்றதும், கடையில் கிடைக்கிற வெளி ஃபில்டரே போதும் என்று தலையாட்டியவன் அவன்தான். சண்டையில் நடந்ததையா சொல்வார்கள்? பார்ட்ஸ் கடைக்காரர் கொடுத்ததைத்தான் மாட்டினேன் என்றான் மெக்கானிக். எதிர்வரிசையிலிருந்து பார்ட்ஸ் கடைக்காரர் காலி அட்டைப்பெட்டியை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். இதே ஃபில்டரைப் போட்டுக்கொண்டு பாதி ஊர் ஓடுகிறது, மாட்டத் தெரியாதவன் கையில் கொடுத்தால் கம்பெனி சாமான்கூடக் கழுத்தறுக்கத்தான் செய்யும் என்றார். தெரு இரண்டு கட்சியாகிவிட்டது. சமையல் எண்ணெய்க்கும் இன்ஜின் ஆயிலுக்கும் வித்தியாசம் தெரியாத சலூன்காரர்கூட, கத்திரியும் கையுமாக வந்து நின்று ஃபில்டருக்குள் இருக்கும் காகித மடிப்பைப் பற்றிக் கருத்துச் சொன்னார்.

நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஃபில்டர்மேல் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் இந்த ஸ்டேஷனுக்குப் புதிது, சார். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். வீடு என்னுடையது. கீழே ஷெட்டை மெக்கானிக்குக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். என் சமையலறை ஜன்னல் ஷெட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று தெருவில் ஒரு பேச்சு. எனக்கு எதையும் ஒட்டிக்கொண்டு கேட்கவேண்டிய அவசியமில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும்.

தம்பியை வளர்த்தது நான். அவனுக்காகவே கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டேன் என்பார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் அதிகமில்லை என்பதும் உண்மை, அதை யாரும் சொல்வதில்லை. அவன் மனைவி நல்ல பெண். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது மட்டும், வெளியூரில் தனக்கு வேலை கிடைத்திருப்பதாகவும், இருவரும் அங்கேயே குடிபோகப் போவதாகவும் சொன்னாள். "நீங்க கவலைப்படாதீங்க அண்ணி, லீவுக்கு லீவு வந்துடுவோம்" என்றாள், ஏதோ விருந்தாளிகள் மாதிரி. தம்பி தலை நிமிராமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பயணத்துக்காகத்தான் பைக்கைச் சர்வீசுக்கு விட்டான். எந்த ஃபில்டர் வாங்குவது என்று அவன் செய்த ஆராய்ச்சியைப் பெண் பார்க்கும்போதுகூடச் செய்யவில்லை. மடிப்பு நெருக்கமாக இருக்கிறதா, ஓரத்து ரப்பர் கெட்டியா என்று கேட்டுக் கேட்டு மெக்கானிக்கின் உயிரை வாங்கினான். கடைசியில் மெக்கானிக் ஒரு ஃபில்டரைத் தூக்கிக் காட்டினான். "எந்தக் கம்பெனியா இருந்தாலும் பரவாயில்லண்ணே. இந்த ஓட்டை இருக்கிற பக்கம் உள்ள போகணும். திருப்பிப் போட்டா ஆயில் ஏறாது. கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் போற வேகத்துலயே இன்ஜின் இறுகி, பின்சக்கரம் அப்படியே நின்னுடும்."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

சர்வீஸ் அன்று மெக்கானிக் ஃபில்டரைச் சரியாகத்தான் உள்ளே வைத்தான். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்ததால், புதிது வாங்க எதிர்க்கடைக்குப் போனான். நான் டீயை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஃபில்டரை விரலால் வெளியே இழுத்து, திருப்பி வைத்தேன். கஷ்டமான வேலையில்லை. கை துடைக்க அங்கேயே பழைய துணி கிடந்தது.

திரும்பி வந்தவன் பார்த்திருப்பானே என்று கேட்பீர்கள். அவனுக்கும் பார்ட்ஸ் கடைக்காரர் மகளுக்கும் நடந்துகொண்டிருந்த கதை, தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் மூடியைக் கையில் எடுத்ததும், "ஒரு வளையம் வாங்க இவ்வளவு நேரமா? மாமனார் கடையில கவனிப்பு பலமோ?" என்றேன்.

"ஐயோ அக்கா, மெதுவாப் பேசுங்க" என்றான். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசி போல்ட்டை முடுக்கும்வரை என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினான். உங்களைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லை.

வண்டி கெட்டால் பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என் எண்ணம் என்று எழுதுகிறீர்கள். அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மறுநாள் காலை அவளைக் கொண்டுபோய் விடத் தம்பி சாவியை எடுத்தபோது, தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று அவனை நிறுத்திக்கொண்டேன். மோட்டார் வயரைப் பிடுங்கி வைத்திருந்ததும் நான்தான். அவள் பழைய வேலையிடத்துக்குப் போயாக வேண்டிய நாள் அது. நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டாள். பாலத்து இறக்கத்தில் அவள் எப்போதும் வேகமாகப் போவாள், அது எனக்குத் தெரியும். ஹெல்மெட் வாரைச் சரியாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன், நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் பிடித்துத்தான் பார்த்தாராம். அவர்மேல் தப்பில்லை.

நான் சொன்ன சண்டை, அவளுடைய காரியமெல்லாம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு வந்தது. காய்ந்துகொண்டிருந்தவை அவளுடைய துணிகள். துவைக்காமல் அவள் வீட்டாரிடம் கொடுத்தால் மரியாதையாக இருக்காது.

பிறகு இன்ஜினைப் பிரித்தார்கள். ஃபில்டர் திரும்பியிருந்தது. மெக்கானிக் முதலில் சத்தியம் செய்தான். அப்புறம் அவனுக்கே அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்குக் கவனம் சிதறியது, நானாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டான். எதனால் சிதறியது என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை, அந்தப் பெண்ணின் பெயர் கெட்டுவிடுமாம். நல்ல பையன். பழைய அதிகாரி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய கேஸ் கட்டைப் பிரித்து, அன்றைக்கு ஷெட்டுக்கு வேறு யார் வந்தார்கள் என்று கேட்டது நீங்கள்தான். அவரும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மெக்கானிக் உள்ளே போன அன்று மகள் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு, பார்ட்ஸ் கடைக்காரர் அவளை அவசர அவசரமாக வேறிடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார். மெக்கானிக் தண்டனை முடிந்து வந்து, ஷெட்டைக் காலி செய்துகொண்டு போனான். இப்போது ஏதோ கிடங்கில் மூட்டை தூக்குகிறானாம், ஸ்பேனரைத் தொடுவதில்லையாம். மனைவியின் சாமான்களைக் கொடுக்க அவள் பெற்றோர் வீட்டுக்குப் போன தம்பி, அந்த ஊரிலேயே தங்கி, போன மாதம் அவள் தங்கையைக் கட்டிக்கொண்டான். அதை மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்குக் கோபமில்லை. அக்கா தனியாக அலைய வேண்டாமென்று நினைத்திருப்பான்.

பெண் சின்னவளாம். குடித்தனம் பழக, வீட்டில் பெரியவள் ஒருத்தி கூட இருக்க வேண்டாமா? வாசலில் நீங்கள் தாண்டி வந்த பெட்டி என்னுடையதுதான். பஸ் சாயங்காலம். அதற்குள் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவீர்கள் அல்லவா, சார்?