மஞ்சள் கவரில் கருமாதிக் கடிதம்

ஓமலூரில் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த தலைப்பாகைக்காரர், பஸ் நகர்வதற்குள் பக்கத்திலிருந்த துணி வியாபாரியிடம் ஆரம்பித்துவிட்டார்.

“சம்பந்தி ஊட்டுல இருந்து மஞ்சத் தடவின கவர் வந்துச்சுங்க. கல்யாணத் தேதின்னு பிரிச்சா, உள்ளே எவனோ ஊர் பேர் தெரியாதவனோட கருமாதிக் கடுதாசி! பொம்பளைங்க ஒரே அழுகை.”

“அதெப்படீங்க மாறுச்சு?”

“போலீஸ்காரன் பிரிச்சுப் படிச்சுட்டு மாத்தி வெச்சு ஒட்டிட்டானுங்க. மாப்பிள்ளையோட அண்ணன் மறியல் பண்ணி, இப்ப இருக்கிற மந்திரி கூடவே ஜெயில்ல கிடந்தவரு. போலீசுக்கு அந்தக் குடும்பத்து மேல சந்தேகம் இன்னும் தீரலையாம்.”

“வாரண்டு இல்லாம கடுதாசியப் பிரிக்கிறவன் திருடன்னு அந்த மந்திரிதானுங்க ஓட்டுக் கேட்டு வந்தப்ப சந்தையில பேசினாரு?”

“அவரேதானுங்க. நான்தான் மாலை போட்டேன். போன வாரம் சேலத்துக்கு வந்தவரைப் போய்க் கேட்டேன். ‘நாற்காலியில உக்காந்தாத்தான் தெரியுது, அதெல்லாம் நாட்டுக்கு அவசியம்’ங்கறாரு.”

“மறுபடியும் ஓட்டுக் கேட்டு வருவாருங்களே?”

தலைப்பாகைக்காரர் வெற்றிலைச் சாற்றை வெளியே துப்பினார்.

“வரட்டுங்க. வேட்டி மடிப்பு வரைக்கும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் ஊட்டுக்குள்ள உடுவேன். எனக்கு மட்டும் வாரண்டு எதுக்குங்க?”