கடலைப் பார்க்காமல் திரும்பியவர்கள்

மலாக்காவிலிருந்து சிரம்பானுக்கு வரும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மா கெண்டைக்காலைப் பிடித்துவிட்டபடியே சொன்னார்:

“பழைய துறைமுகத்தைச் சுத்திப் பாக்கப் போயி, கடலைப் பாக்காம வர்றது நாம மட்டும்தான் லா.”

“கடை வாசல்ல தூணுங்க வரிசையா நின்னுச்சி. காலு தன்னால போச்சி.”

“தெரு முடியற எடத்துல நேரா போனா கடல். நீங்க டக்குனு திரும்பி எதுத்த வரிசைக்குப் போறீங்க. இன்னும் ரப்பர் எஸ்டேட்ல பால்மரம் வெட்டுற நெனப்பு! ஒரு மர நெரையில போயி அடுத்த நெரையில வர்றது. நாள் முழுக்க அதே வேலை.”

பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

“கடல் அந்தப் பக்கம்னு ஒனக்குத் தெரியுமா?”

“காலையிலேயே தெரியும். காத்து அங்கேர்ந்துதானே வந்திச்சி.”

“அப்புறம் ஏன் புள்ள சொல்லல?”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எஸ்டேட்ல உங்களுக்கு ஒரு நெரை, எனக்கு ஒரு நெரை. ஆளுக்கொரு பக்கமா நின்னு கொரல் குடுத்துக்கிட்டே காலம் போச்சி. இன்னிக்குத்தான் ஒரே நெரையில என்கூட நடந்தீங்க. அதைப் போயி யாராச்சும் கெடுத்துக்குவாங்களா?”